எழுபத்தோராவது மணி

தாவூஸ் மாடியறையில் விரித்த ரோஜா மொட்டுகள் காய்வதற்கு நூற்றுப் பதினான்கு மணி நேரம் ஆனது. எழுபத்தோராவது மணியில் அவள் அவற்றின்மேல் ஒரு வாக்கியம் பேசிவிட்டாள். என்ன பேசினாள் என்பது ஊருக்குத் தெரிய நாற்பது நாள் ஆனது.

காஷான் நகரத்துக்கு மேலே எங்கள் மலையூரில் காயும் ரோஜாவின் முன்னால் யாரும் பேசுவதில்லை. சூரியன் வருமுன் பறித்த மொட்டுகளை வெள்ளைத் துணியில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புவோம். வெயில் நிறத்தைத் தின்றுவிடும் என்பதால் நிழல். மணம் புழுங்கிவிடும் என்பதால் எதிரெதிரே இரண்டு சன்னல். காலையும் மாலையும் புரட்டிவிட வேண்டும், வாயைத் திறக்காமல். ஈரம் வெளியேறும் இடத்தில் குரல் போய் உட்கார்ந்துகொள்ளும். தேநீரில் போட்டால், மொட்டு விரியும்போது சொன்னது சொன்னபடி கேட்கும். ஒரு வருடம் இஸ்ஃபஹான் தேநீர்க்கடை ஒன்றில், எங்கள் ஊர்க் கணவனும் மனைவியும் காணாமல்போன ஆட்டுக்குட்டிக்காகப் போட்ட சண்டை முழுதாகக் கேட்டது. குட்டி கிடைத்ததா என்று விசாரித்துக் கடைக்காரர் கடிதம் எழுதினார்.

பேச்சுப் பட்ட மொட்டைப் பன்னீர் காய்ச்சும் அண்டாவுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். கொதியில் சொல் ஆவியாகிவிடும். தாவூஸ் கொடுக்கவில்லை. காம்பு சட்டென்று முறியும்வரை காயவைத்து, ஒரு தகர டப்பாவில் அடைத்துவைத்தாள்.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. பன்னிரண்டு வருடம் அந்த அறையில் பேசாமல் இருந்து, கீழே இறங்கிய பிறகும் பேசாமல் இருக்கப் பழகியிருந்தாள். காஷான் வியாபாரி ஃபராமர்ஸுக்கு அவளைக் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு அண்ணன் யதுல்லா வந்து சொன்னபோதும் அப்படித்தான் இருந்தாள். ஃபராமர்ஸ் கெட்டவரல்ல. ஆறு மணி நேரத்தில் பூவைக் காயவைக்கும் இயந்திரம் வைத்திருந்தார். அதில் நிறம் போகாது, மணமும் பெரும்பாலும் போகாது. பக்கத்தில் நின்று என்ன பேசினாலும் பூவில் பதியாது. அது நல்லதுதானே என்றார் யதுல்லா. அவர் சொன்னதற்கு மறுநாள் காலைதான் எழுபத்தோராவது மணி.

அண்ணி சொக்ரா டப்பாவை ஆட்டிப் பார்த்தாள்.

"உள்ள என்னடி, மாப்பிள்ளைக்குக் காதல் பாட்டா?"

தாவூஸ் டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"உன்னக் கேக்குறதுக்கு சமோவரக் கேக்கலாம். கொதிச்சா அதுவாவது சத்தம் போடும்."

திருமணத்தன்று, தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவரின் பக்கத்தில் அந்த டப்பாவை வைத்தது தாவூஸ்தான். பிறகு போய் மணப்பெண் இடத்தில் உட்கார்ந்தாள். பெண்கள் அவள் தலைக்குமேல் வெள்ளைத் துணி பிடித்து அதன்மேல் சர்க்கரைக் கட்டிகளை உரசினார்கள். சம்மதமா என்று முல்லா கேட்டார். பெண் பூப்பறிக்கப் போயிருக்கிறாள் என்று வழக்கப்படி பெண்கள் பதில் சொன்னார்கள். இரண்டாம் முறை கேட்டார். பன்னீர் கொண்டுவரப் போயிருக்கிறாள் என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் முறை மணப்பெண்தான் சொல்ல வேண்டும்.

முல்லா மூன்றாம் முறையும் கேட்டார். பேனாவோடு காத்திருந்தார்.

"அவ வெக்கப்படுறா. சம்மதம்னு எழுதுங்க" என்றார் யதுல்லா.

அதற்குள் சொக்ரா தேநீர் கொண்டுவந்தாள். முதல் குவளை யதுல்லாவுக்கு. அதில் ஒரு மொட்டு மெல்ல விரிந்தது.

"அண்ணா" என்றது, தாவூஸின் குரலில்.

மிச்ச வாக்கியம் வெளியே வருமுன் யதுல்லா உள்ளங்கையால் குவளையை மூடினார். ஆவி சுட்டது, கையை எடுக்கவில்லை. முல்லா பேனாவைக் கீழே வைத்தார். பூ சொல்வதைப் பதிவேட்டில் எழுத விதி இல்லை என்றார். மற்றபடி அவருக்கு அதில் வியப்பில்லை.

"நீயே சொல்லும்மா."

தாவூஸ் தலைக்குமேல் இருந்த துணியை விலக்கினாள். சர்க்கரைத் தூள் மடியில் உதிர்ந்தது.

"கைய எடுங்கண்ணா, சுடும். நான் பூப்பறிக்கப் போகல. இங்கதான் இருக்கேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."