‘பிடில்’ கட்டுரையில் ஒரு மெட்டு

கலைக்களஞ்சியத்தில் பிடிலுக்கு எனக்குக் கொடுத்த இடம் ஒன்றரைப் பக்கம். நாட்டுப்புற இசையில் அதன் பங்கும் அதற்குள்ளேயே அடங்கிவிட வேண்டும். உடல், தந்தி, வில் எல்லாம் எழுதியாயிற்று. பிடிலும் வயலினும் ஒரே கருவிதான், வாசிக்கிற இடமும் விதமும்தான் வேறு என்றும் எழுதினேன். அண்ணனாக இருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பான். "உக்காந்து கேட்டா வயலின்டா. எந்திரிச்சு ஆடுனா பிடில்."

அண்ணன் தச்சன். பகலில் கதவு, ஜன்னல். சாயங்காலம் கல்யாண வீடுகளில் பிடில். தாடைக்கடியில் இடுக்காமல் நெஞ்சில் சாய்த்து வைத்துத்தான் வாசிப்பான். சரியாக ஆடாதவர்களைத் திட்டுவதற்கு வாய் சும்மா இருக்க வேண்டுமாம். போன மழைக்காலத்தில் வேலை செய்துகொண்டிருந்த வீட்டு மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனான். நான் ஊரில் போய் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவன் போட்ட மெட்டு ஒன்று இருக்கிறது. இப்போதெல்லாம் கல்யாணத்தில் ஆட்டம் அதில்தான் தொடங்குகிறது. இத்தனை தூரம் தள்ளி நான் பிழைக்க வந்த இந்த ஊரிலேயே, ரயில் நிலைய வாசலில் ஒருவர் வாசிக்கக் கேட்டேன். யார் போட்டது என்றதற்கு, "எங்க தாத்தா காலத்துப் பாட்டு சார்" என்றார். கட்டுரைக்கு உதாரணமாக அந்த மெட்டைத்தான் எடுத்திருந்தேன், இயற்றியவர் என்று அண்ணன் பெயரைப் போட்டு.

அண்ணிக்கு அவ்வளவு சந்தோஷம். "பொண்ணு ஸ்கூல் பூரா தம்பட்டம் அடிச்சிட்டா தம்பி, எங்கப்பா பேரு பெரிய புக்குல வருதுன்னு."

எடிட்டரம்மா அந்த வரியைப் பென்சிலால் சுழித்திருந்தார்.

"இதுக்கு ஆதாரம்?"

"அவன் பட்டறையில போடும்போது நான் பக்கத்துலயே இருந்தேன் மேடம்."

"நீங்க அவரோட தம்பி. சொந்தக்காரங்க சொல்றதெல்லாம் போட்டா இது கலைக்களஞ்சியமா, கல்யாணப் பத்திரிகையா?" சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "வேற யாராவது எங்கயாவது சொல்லியிருந்தா கொண்டாங்க. கண்டிப்பா போடலாம்."

நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரிக்கும் நிலையம் ஒன்றில் அவன் வாசித்த பதிவு இருந்தது. எழுதிக் கேட்டேன், அனுப்பினார்கள். மெட்டு முடிந்ததும் பதிவு செய்தவர் கேட்கிறார்: "பிரமாதங்க. யார் போட்டது?"

அண்ணன் சிரிக்கிறான். "யாருக்குத் தெரியும்? ரொம்பப் பழசுங்க."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தொழிலில் புது மெட்டு என்றால் ஒருத்தரும் எழுந்து ஆடமாட்டார்கள். இவன் என்ன புதுசாகக் கிழித்துவிட்டான் என்று நாற்காலியிலேயே இருப்பார்கள். பழசு என்றால் கால் தானாக எழும். அதனால் நேற்றுப் போட்டதைக்கூடப் பழசு என்றுதான் பிடில்காரர்கள் சொல்வார்கள். ஊரெல்லாம் சொன்னதையே மைக் முன்னாலும் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டான். இனி நான் சொல்வது எடுபடாது.

மறுநாள் ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போனதும் அண்ணியைக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அப்ப பேரு வராதா?"

"வராது அண்ணி."

"அந்த மனுசன் வாயாலயே சொன்னாரா?"

"ஆமா."

"எங்க, போடுங்க."

போனைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். மெட்டு தொடங்கியதுமே நிறுத்தச் சொன்னாள். "பாட்டு வேணாம் தம்பி. அது தெருவுக்குத் தெரு கேக்குது. அவரு பேசுறத போடுங்க."

அவளிடம் அவன் குரல் வேறு எதிலும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதிவைக் கடைசிவரை ஓட்டி, அவன் பேசும் இடத்தைப் போட்டேன்.

"யாருக்குத் தெரியும்? ரொம்பப் பழசுங்க."

"வாயத் தொறந்தாலே பொய்யி" என்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். "இன்னொரு தடவ போடுங்க."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்யா" என்றாள் அண்ணி. என்னிடம் சொல்லவில்லை.

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கிறேன் தம்பி. நீங்க சாப்டீங்களா?"

அண்ணன் பெயரை அழித்துவிட்டு, ‘இயற்றியவர் தெரியவில்லை’ என்று அடித்தேன். சாயங்காலம் எடிட்டரம்மா முழுக்கப் படித்தார். திருத்த ஒன்றுமில்லை என்றார்.