காரம் இறங்காத சோப்பு

"கழுத்தைத் தாங்கிப் புடி பாஞ்சாலி, தல தொங்குது பாரு" என்று வீரம்மாள் அதட்டினாள்.

பாஞ்சாலி அக்காவின் கழுத்துக்கடியில் கையைக் கொடுத்தாள். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. வேங்கடேசனுக்கு அஞ்சம்மாள் மூத்த தாரம், பாஞ்சாலி இளைய தாரம். தனக்குப் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் அஞ்சம்மாளே பெண் பார்த்து, அவளே புடவை எடுத்து, புருஷனுக்குக் கட்டிவைத்தாள். பாஞ்சாலிக்கும் இதுவரை ஒன்றும் தங்கவில்லை என்பது வேறு விஷயம். "உன்னக் கொண்டாந்தது எனக்குப் பேச்சுத் துணைக்குன்னு வெச்சுக்க" என்று அஞ்சம்மாள் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் போன ஐப்பசியோடு நின்றுவிட்டது. வயிற்றில் கட்டி என்றார் டாக்டர். அறுத்துப் பார்க்கவேண்டும் என்றார். அஞ்சம்மாள் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள். "செத்தாலும் முழுசாப் போறேன். என் வயித்துல கத்தி படக்கூடாது. நீதான் பாத்துக்கணும் பாஞ்சாலி" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கடைசி நாட்களில் அவள் போடும் கூச்சல் தெருக்கோடி வரை கேட்கும். இன்று விடியலில் அந்தக் கூச்சல் நின்றபோது பாஞ்சாலிக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. இப்படி நினைத்துவிட்டோமே என்று பிறகு அதற்காகவும் சேர்த்து அழுதாள்.

பிறந்த வீட்டுக் கோடி வராமல் பொம்பளைப் பிணத்தைக் குளிப்பாட்ட முடியாது. திண்டிவனத்திலிருந்து அண்ணன் கோதண்டபாணியும் அவர் பெண்டாட்டி வீரம்மாளும் கோடிப் புடவையோடு ரயிலேறி விழுப்புரம் வந்து சேர உச்சி வேளை ஆகிவிட்டது. வந்தவர் தங்கையின் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பாஞ்சாலியை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆபரேஷனுக்கு அனுப்பாமல் தடுத்தது இவள்தான், மூத்தவள் ஒழிந்தால் போதும் என்று காத்திருந்தவள் இவள்தான் என்பது அவர் கட்சி. திண்டிவனத்தில் இதை அவர் சொல்லாத ஆள் இல்லை. வேங்கடேசனோ ரயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். வேலையில் இருக்கிற வேகம் வாயில் கிடையாது. மச்சான் எதிரில் அவன் வானத்தைப் பார்ப்பதோடு சரி.

கிணற்றடியில் நாலு பெண்கள் புடவைகளைத் திரையாகப் பிடித்திருந்தார்கள். வீரம்மாள் எண்ணெய் வைத்தாள், சீயக்காய் தேய்த்தாள். சுமங்கலியாயிற்றே என்று, அரைத்த மஞ்சளை முகத்திலிருந்து பாதம் வரை அப்பினார்கள். அப்போதுதான் பாஞ்சாலி இடுப்பில் செருகியிருந்த சோப்புக் கட்டியை எடுத்து நீட்டினாள்.

"அண்ணி, இத்தப் போட்டுத் தேய்ங்க. அக்கா பண்ணது. இதாலதான் குளிப்பாட்டணும்னு சொல்லிக்கினே இருந்துச்சு."

யுத்தம் ஆரம்பித்ததிலிருந்து கடையில் சோப்பு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்தவர்கள் பலரும் மல்லாட்டைக் கடலை எண்ணெயில் காஸ்டிக் காரத்தைக் கலந்து வீட்டிலேயே சோப்பு ஊற்றக் கற்றுக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு அழுக்குப் போனால் போதும். அஞ்சம்மாளுக்கு நிறமும் வேண்டும். வேப்பிலையை அரைத்துப் போட்டாள். முதலில் பச்சையாக இருந்து பிறகு வைக்கோலாக வெளுத்தது. செம்பருத்திப்பூவைப் போட்டாள். சேறு மாதிரி வந்தது. நீலத்துக்கு அவுரி போட்ட சோப்பில் குளித்துவிட்டு வேங்கடேசன் வேலைக்குப் போக, "இன்னாப்பா, நேத்துக் கரியக் கழுவவே இல்லியா?" என்று கூட இருந்தவர்கள் கேட்டார்கள். அஞ்சம்மாள் அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. "மஞ்சப் பூசி ஒருதரம், சோப்புப் போட்டு ஒருதரம், பொம்பளைக்கு எதுக்கு ரெண்டு வேலை? சோப்புலயே மஞ்சளப் போட்டுட்டா ஆச்சு" என்று கடைசியில் மஞ்சள் சோப்பில் வந்து நின்றாள்.

வீரம்மாள் சோப்பை வாங்கித் தோளிலும் மார்பிலும் தேய்த்து ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். நுரை சிவந்தது. மறுபடி ஊற்றினாள். தண்ணீர் செக்கச்செவேலென்று இறங்கி, திரைக்கு அடியில் புகுந்து, ஆண்கள் நின்றிருந்த பக்கம் வாய்க்காலில் ஓடியது.

"ஐயையோ!" என்று வீரம்மாள் சோப்பைக் கீழே போட்டாள். அவள் இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பு.

வெளியே கோதண்டபாணி வாய்க்காலில் குனிந்து அந்தத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளினார். உள்ளங்கைகளைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் தெருவே நடுங்குகிற மாதிரி கத்தினார்.

"ரத்தம்டா! வயித்து நோவுல செத்தவளுக்கு மேலெல்லாம் ரத்தம் எப்புடிடா வரும்? அடிச்சிக் கொன்னுட்டு நோவுன்னு சொல்லிக்கினு இருக்கீங்களா? மாப்ள, பொணம் இங்கேர்ந்து நவுரக்கூடாது. நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். அறுத்துப் பாத்து அவங்களே சொல்லட்டும்."

அறுத்து என்ற சொல் காதில் விழுந்ததும் பாஞ்சாலி அக்காவின் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போலீஸ் தன்னைப் பிடித்துப் போனால்கூடப் போகட்டும். அக்காவின் வயிற்றைக் கிழித்துவிடுவார்களே!

என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. காரம் பட்டால் மஞ்சள் ரத்தமாகச் சிவக்கும். முதல் தடவை சட்டியில் அப்படிச் சிவந்தபோது இரண்டு பேரும் அலறியடித்துக்கொண்டு எழுந்தார்கள். அப்புறம் அஞ்சம்மாள் சிரித்த சிரிப்பு! கட்டியை மாதக்கணக்கில் பரணில் போட்டுவைத்தால் காரம் இறங்கி, சிவப்பும் மெல்ல மெல்லத் தேன் நிறத்துக்கு வரும். இந்தக் கடைசிக் கட்டி, அஞ்சம்மாள் கட்டிலில் படுத்தபடியே சொல்லச் சொல்லப் பாஞ்சாலி ஊற்றியது. போன வாரம்தான் ஊற்றினாள். இன்னும் காரம் இறங்கவில்லை. துக்கத்தில் அதை யோசிக்காமல் எடுத்து வந்தது பாஞ்சாலியின் தப்பு. அது போதாதென்று உடம்பிலும் கைப்பிடி கைப்பிடியாக மஞ்சள்.

"அண்ணா, அது ரத்தம் இல்லீங்க. மஞ்சளும் சோப்புக் காரமும் சேந்தா அப்புடித்தான்..." என்று திரைக்குள்ளிருந்தே சொன்னாள்.

"அவள வாய மூடச் சொல்லுடா!"

மற்ற பெண்களுக்கும் தெரியாமல் இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆலம் சுற்றாத வீடு எது? ஆனால் கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் சுற்றுகிற ஆலத்தின் பேரைப் பிணத்தின் எதிரில் யார் வாயால் சொல்வது? பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"அது வந்துங்க... நாம கரைப்பமே, அந்தத் தண்ணி மாதிரி..."

"எந்தத் தண்ணி?"

"அதாங்க... நல்லதுக்குக் கரைக்கறது..." அதற்குமேல் முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோதண்டபாணி வாசல் பக்கம் திரும்பிவிட்டார். பாஞ்சாலி அக்காவின் தலையைச் சின்னபொண்ணு கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் ஓடினாள். நேற்று ரசத்துக்கென்று ஊறப்போட்டு, ரசம் வைக்கத் தோன்றாமல் விட்ட புளி கிண்ணத்தில் அப்படியே இருந்தது. சோப்பு ஊற்றிய நாட்களில் கையில் சிவப்பு ஏறினால் அஞ்சம்மாளும் அவளும் புளித்தண்ணீரில்தான் கழுவுவார்கள். சொம்பில் கரைத்து எடுத்துக்கொண்டு ஈரப் புடவையோடு போய் வாசலை மறித்து நின்றாள்.

"கையக் காட்டுங்க."

"வழிய விடு."

"கையக் காட்டுங்கண்ணா. அப்பால ஸ்டேஷனுக்குப் போங்க, நானும் கூட வர்றேன்."

அவள் குரல் நடுங்கவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. கோதண்டபாணி தன்னையறியாமல் வலது கையை நீட்டினார். பாஞ்சாலி ஊற்றினாள். உள்ளங்கையில் சிவப்பு கலைந்து, எல்லார் கண்ணெதிரிலும் மஞ்சளாகி விரலிடுக்கில் வழிந்தது. அவள் வாய்க்கால் பக்கம் திரும்பித் தேங்கியிருந்த சிவப்பிலும் ஊற்றினாள். அங்கேயும் புளித்தண்ணீர் விழுந்த இடமெல்லாம் மஞ்சள் மஞ்சளாக விரிந்தது.

"ரத்தம் மஞ்சளாவுமா, நீங்களே சொல்லுங்க."

வேங்கடேசன் மச்சான் அருகில் வந்தான்.

"அவ பண்ண சோப்பு மச்சான். மஞ்ச பூசுன அவ மூஞ்சில ஒருதரம் இத்தத் தேச்சிக்கினு வந்து நின்னா. நான் அலறிட்டேன். ரெண்டு நாளு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா" என்றவன், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அன்றைக்கு முதல்தடவையாக வாய்விட்டு அழுதான்.

திரை பிடித்திருந்த பெண்கள் மூச்சு விட்டார்கள். கோதண்டபாணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆபரேஷன் வேணாம்னு அவளாத்தான் சொன்னாளா?" என்று நிமிராமலே கேட்டார்.

"அக்காதாண்ணா. முழுசாப் போறேன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு."

"சின்ன வயசுல முள்ளு குத்துனாக்கூட ஊசியால எடுக்க வுட மாட்டா" என்றார்.

மீதிக் குளியல் அமைதியாக முடிந்தது. வெறும் தண்ணீரை ஊற்ற ஊற்றச் சிவப்பெல்லாம் போய், அஞ்சம்மாளின் முகம் இளமஞ்சளாகத் தெளிந்தது. வலியில் கோணியிருந்த உதடுகூட நேராகிவிட்டதாகப் பாஞ்சாலிக்குத் தோன்றியது. வீரம்மாள் கோடிப் புடவையைப் பிரித்து, "இந்தா, நீ ஒரு பக்கம் புடி" என்று ஒரு தலைப்பை அவள் கையில் கொடுத்தாள். இரண்டு பேருமாகக் கட்டிவிட்டார்கள். கத்தி படாத வயிற்றின்மேல் கொசுவத்தைச் செருகும்போது பாஞ்சாலிக்கு மறுபடியும் அப்பாடா என்றிருந்தது. இந்தத் தடவை அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

மேளம் வாசலுக்கு வந்துவிட்டது. ஆண்கள் பாடையருகே கூடினார்கள். பாஞ்சாலி கிணற்றடியில் மிச்சப் புளித்தண்ணீர் இருந்த சொம்பையும் குடத்தையும் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கோதண்டபாணி நின்றிருந்தார். வாசலிலிருந்து யாரோ அவரைத் தோள் கொடுக்கக் கூப்பிட்டார்கள்.

"போவலீங்களாண்ணா?"

அவர் அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, இன்னும் சிவப்பாகவே இருந்த இடது கையை நீட்டினார்.