பச்சைப் பெட்டியில் ஒரு லேகிய நோட்டீஸ்

லாகூர் பஸ் திரும்பும் கடைவீதியில், கம்பத்தில் ஒரு பச்சைத் தகரப் பெட்டி தொங்கியது. வேத வசனமோ இறைவன் பெயரோ அச்சான தாள் தெருவில் மிதிபடக் கூடாது. கண்டவர்கள் எடுத்து அதில் போட வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் தெருக் கூட்டும் ராகீலுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. வசனமும் செருப்புக்கடை விளம்பரமும் அவள் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் வளைந்து நெளிந்தன.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வசனத்தாள் ஒன்று குப்பையோடு போய்விட்டதென்று, அப்போது இங்கே கூட்டிய அவள் கொழுந்தனின் பல்லை உடைத்தார்கள். அன்று மாடி வீட்டு தாஹிரா டீச்சர்தான் வாசலில் நின்று அவளுக்கு வழி சொன்னாள்.

"எழுத்து இருக்கிற எதையும் பெட்டியில போட்டுடு. உனக்கும் வம்பில்ல, எங்களுக்கும் பாவமில்ல."

"சரிங்க பாஜி," என்றாள் ராகீல். அக்காவை அங்கே பாஜி என்பார்கள்.

அதிலிருந்து ராகீல் குழாயடியில் கை கழுவி, துப்பட்டாவில் துடைத்து, கிழிந்த தாள் துண்டைக்கூடப் பெட்டியில் சேர்த்தாள். டீச்சர் ஜன்னல் வழியே பார்த்துத் தலையாட்டுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை, தாள்களை மரியாதையோடு கால்வாயில் விடுவதற்காகப் பள்ளிவாசல்காரர் பெட்டியைத் திறந்தார். வசனங்களுக்கு நடுவிலிருந்து ஆண்மை லேகியத்தின் நோட்டீஸ் ஒன்று விழுந்தது. படம்கூட இல்லை, வெறும் எழுத்து.

"நான் பார்த்தேன்!" என்று கத்தினான் துணிக்கடை வஹீத். "அந்தக் கிறிஸ்தவச்சி சுத்திமுத்திப் பார்த்துட்டு, சிரிச்சுக்கிட்டே திணிச்சா!"

அவன் எதையும் பார்க்கவில்லை. கடைக் குப்பையைச் சாக்கடையில் தள்ளுகிறான் என்று ராகீல் துப்புரவு மேஸ்திரியிடம் சொன்னதிலிருந்து அவனுக்கு அவள்மேல் கறுவல். ஆனால் அவன் சொன்ன பிறகு, பார்த்தவர்கள் பத்துப் பேராகிவிட்டார்கள். கூடையைக் குப்பையோடு அவள் தலையில் கவிழ்த்தார்கள். அவளிடம் தினமும் சலாம் வாங்கிய ஜிலேபிக்காரர்தான் முதல் உதை விட்டார். போலீஸ் ஜீப் வந்திராவிட்டால் அங்கேயே முடித்திருப்பார்கள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கதவைத் தாழிட்டார். வெளியே கூட்டம் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கியது.

"உங்க குடியிருப்பு காலியாயிடுச்சு. உன் புருஷன் பிள்ளைங்களோட டிராக்டர்ல ஓடிட்டான். போடச் சொன்னது யாருடி?"

"தாஹிரா பாஜிதான் சாஹிப். எழுத்து இருந்தா போடுன்னாங்க. கேட்டுப் பாருங்க."

அவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். "வேதத்தை அவமதிச்ச கேஸுக்குத் தூக்குதான், தெரியுமில்ல? அந்தம்மா வந்து ஆமான்னு சொன்னா, அறியாமைன்னு எழுதி உன்னை அனுப்பிடுவேன். வேற வழி எனக்கும் இல்ல."

டீச்சர் மகனோடு வந்தாள். அவளைப் பார்த்ததும் ராகீலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீங்கிய உதட்டோடு சிரிக்கக்கூடச் செய்தாள்.

"பாஜி, நீங்களே சொல்லுங்க பாஜி."

டீச்சர் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். அங்கே வஹீத் முகம்.

"இவகிட்ட எனக்கென்ன பேச்சு? என் வாசப்படி ஏறவிட்டதில்ல. நானா இந்த அசிங்கத்தைப் பெட்டியில போடச் சொல்வேன்?"

"அம்மாவை எதுக்கு இழுக்கிறே நாயே?" என்றான் மகன்.

ஜன்னலில் யாரோ, "டீச்சர்தான் சொல்லிக் கொடுத்தாளாமா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி கூட்டத்தில் பின்னோக்கிப் போனது. உலுக்கல் ஒரு கணம் நின்றது.

இன்ஸ்பெக்டர் ராகீலிடம் திரும்பினார். "அப்போ டீச்சர் பொய் சொல்றாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க ஒன்றுமில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், கூட்டத்துக்கு இரண்டு பேர் கிடைப்பார்கள். ராகீலுக்கு ஆசையாகத்தான் இருந்தது. வரட்டும், இந்த பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரட்டும், உதை எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியட்டும். கர்த்தரிடம் பொறுமை கேட்டாள். வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. டீச்சரின் பர்தாவுக்குள் முழங்கால்கள் தடதடவென்று ஆடுவது மட்டும் கண்ணில் பட்டது. கூடை தலையில் கவிழ்ந்தபோது ராகீலின் முழங்கால்களும் அப்படித்தான் ஆடின.

"அவங்க சொல்லல சாஹிப்," என்றாள் ராகீல். "நானாத்தான் போட்டேன்."

அவள்மேல் பத்துப் பேர் சொன்ன பொய்யில் ஒன்றாவது கோர்ட்டில் நின்றிருக்குமோ என்னவோ. அவள் சொன்ன பொய் நிற்கும். இன்ஸ்பெக்டருக்கு அது தெரியும். அவர் பேனாவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

டீச்சர் அதற்குள் ஜன்னல் பக்கம் போய், வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் உரக்கச் சொன்னாள். "கேட்டீங்களா? அவ வாயாலேயே ஒத்துக்கிட்டா. எல்லாரும் கேட்டீங்கதானே?"

கேட்டோம் என்றார்கள். இன்ஸ்பெக்டர் எழுத ஆரம்பித்தார்.