முகட்டில் ஏறிய கொடிமரம்

மதுரங்குளியில் எங்கள் பழைய கட்டடச் சாமான் கடைக்குப் பலகையில் ஒரு பெயர் உண்டு. ஊர் வைத்த பெயர் நட்டக்கடை. பள்ளிவாசல் இடம் தந்தது. கற்பிட்டி வீதியிலுள்ள ஒரு மாதா கோயில் சங்கத்தார் கூரையைப் புதுப்பித்தபோது பழைய மரங்களையெல்லாம் எங்களுக்கே தந்தார்கள். இடித்துக் கட்டுகிற ஹோட்டல்காரர்கள் கதவும் ஜன்னலும் அனுப்புகிறார்கள். வீடு கட்ட வழியில்லாதவர்கள் இயன்றதைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போவார்கள். அந்தக் காசு லொறிக்கும் ஆணிக்கும் போய்விடும். லாபமில்லாமல் கடை நடத்தப் பைத்தியமா என்று கேட்கிற முதலாளிமாரிடம், ஒரு நாள் வந்து மரம் இறக்கிப் பாருங்கள், பைத்தியம் தெளியும் என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். கமறியா ராத்தாவின், அதாவது இந்த அக்காவின், வாய்க்குப் பயந்துதான் கடையில் கறையான் பிடிப்பதில்லை என்று லொறிக்கார ஜௌபர் சொல்லித் திரிகிறான்.

அந்த ஜௌபரால்தான் எல்லாம் வந்தது.

கோயில் மரங்களின் கடைசி லோட்டை ஏற்ற அவன் ஒரு ஞாயிறு காலையில் போயிருந்தான். ஏற்றி வந்ததில் ஒரு மரம் தனி அழகு. நீளமாக, நேராக, ஒரு முடிச்சுகூட இல்லாமல் இருந்தது. அதை ரபியாவுக்கென்று ஒதுக்கினேன். தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து கையில் ஒரு பிள்ளையும் இடுப்பில் ஒரு பிள்ளையுமாக வந்தவள். யுத்தம் முடிந்து சிலர் ஊர் திரும்பினார்கள். பிள்ளைகள் இங்கேயே தொழில், படிப்பு என்று வேர் விட்டதால் அவள் தங்கிவிட்டாள். அத்தனை வருடமும் ஓலைக் குடிசைதான். இப்போது சுவர் எழும்பியிருந்தது. குடிசை நின்ற இடத்திலேயே வீடு வருவதால் குடிசையையும் பிரித்துவிட்டாள். கூரை உச்சியைத் தாங்கும் முகட்டு வளை மரம்தான் இன்னும் கிடைக்காமல் இருந்தது. மரத்தைக் கொடுத்தபோது அவள் அதைத் தடவிப் பார்த்து அழுதாள். நானும் அழுதுவிடாமல் இருக்க, லொறியை மறித்துக்கொண்டு நிற்காதே என்று சத்தம் போட்டேன்.

வியாழக்கிழமை காலை மாதா கோயில் சங்கத் தலைவி கத்தரினா போன் எடுத்தாள். நாளை பின்னேரம் திருநாளுக்குக் கொடியேற்றம், கொடிமரத்தைக் காணவில்லை என்றாள். புதுச் சாயம் பூசவென்று பழைய சாயத்தைச் சுரண்டி, கூரை மரங்களுக்குப் பக்கத்தில் கிடத்தியிருந்தார்களாம்.

ரபியாவுக்கு ஒதுக்கிய அந்த நேரான மரம்தான் அது என்று எனக்கு விளங்கிவிட்டது. ஜௌபரைப் பிடித்து, கேட்டுவிட்டு ஏற்ற வாயில்லையா என்று விளாசினேன்.

"பூசை நடக்கக்குள்ள எப்புடி ராத்தா கூப்புடுற? நாம தொழக்குள்ள ஒராள் வந்து கூப்புட்டா நமக்கு எப்புடி ஈக்கும்?" என்றான்.

மரியாதை பார்த்து மரத்தைத் தூக்கி வந்தவனை என்ன சொல்லித் திட்டுவது? அவன் பதிலுக்கும் நிற்காமல் லொறியை எடுத்துக்கொண்டு எங்கோ ஓடிவிட்டான். நான் ஆட்டோ பிடித்து ரபியா வீட்டுக்குப் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது முகடு ஏறியிருந்தது. சாய்வுக் கைமரங்களும் அடித்தாயிற்று. தச்சு பாஸ் மக்பூல் ஒரு பக்கத்து ஓடுகளைப் பாதிவரை அடுக்கிவிட்டார். ரபியா எல்லோருக்கும் சீனி போட்ட பிளேன்டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். வானம் வேறு கறுத்துக் கிடந்தது. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன்.

அவள் கேத்தலைக் கீழே வைத்தாள். மேலே ஒருமுறை பார்த்தாள். பிறகு, அது அவர்களுடைய அமானிதம், திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள், இறக்குங்கள் என்று மக்பூலிடம் சொன்னாள். குரல் உடையவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேறு நீள மரம் கடையில் இல்லை. இன்றிரவு மழை வந்தால் அவள் பிள்ளைகளோடு ஒதுங்கக் குடிசைகூட இல்லை.

மக்பூல் முனகிக்கொண்டே ஏணியில் ஏறினார். அப்போது ஒழுங்கைக்குள் லொறி வந்தது. முன்சீற்றில் ஜௌபருக்குப் பக்கத்தில், கோயிலிலிருந்து அவன் ஏற்றி வந்த கத்தரினா. பின்னால், பள்ளிவாசல்துறைக் கடற்கரையில் ஜௌபர் தன் மச்சானிடம் கெஞ்சி வாங்கிய ஒரு பாய்மரம். இதை ரபியாவுக்குக் கொடுத்துவிட்டுக் கொடிமரத்தை இறக்கிக் கோயிலுக்குக் கொடுப்போம் என்பது அவன் திட்டம். மக்பூல் மரத்தை ஒரு பார்வை பார்த்தார். நுனி மெலிந்த மரம், ஓடு தாங்காது என்று சொல்லிவிட்டு ஆணி கழற்ற ஆயத்தமானார்.

கத்தரினா லொறியிலிருந்து இறங்கினாள். வீட்டுக்குள் போய் அண்ணாந்து தன் கொடிமரத்தைப் பார்த்தாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாய்களையும் சட்டிபானைகளையும் பார்த்தாள். வெளியே வந்து லொறியிலிருந்த பாய்மரத்தைத் தட்டி, இதில் கொடி பறக்குமா என்று ஜௌபரைக் கேட்டாள். கடல் காத்துக்குப் பாயே பறந்தது, கொடி பறக்காதா என்றான் அவன். அந்தப் பயத்திலும் அவனுக்கு வாய் குறையவில்லை. கத்தரினா சிரித்துவிட்டாள்.

பிறகு ரபியாவின் பக்கம் திரும்பினாள்.

"தங்கச்சி, கொடி ஏறினா திருநாள் முடியுமட்டும் இறக்கப்படாது. அதுதான் எங்கட வழக்கம். உங்கட திருநாள் எப்ப முடியும்?"

ஏறிய மரம் இறங்க வேண்டாம் என்கிறாள் என்று ரபியாவுக்கு விளங்கியது. விளங்கியதும் அதுவரை அடக்கி வைத்திருந்த கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

"தொண்ணூறில இருந்து பாத்துக்கொண்டு இரிக்கிறன் அக்கா. இண்டைக்குத்தான் தொடங்கியிரிக்கி."

கத்தரினா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று ஏணியடியில் நின்று ஓடு எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள்.