சாம்பல் தளம்

ஜாவாவின் டெமாக் கடற்கரையில் படகேற்றும் சரிவுத்தளத்தை இரண்டு முறை சிமெண்டில் போட்டார்கள். இரண்டு முறையும் உப்புத்தண்ணீர் அதை அரித்துத் தின்றுவிட்டது. மூன்றாவதைச் சிமெண்டே இல்லாமல் போட்டுக் காட்டுகிறேன் என்று வார்த்தினி ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னபோது ஆண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மணல், ஜல்லியோடு அனல்மின் நிலையத்துச் சாம்பல், இரும்பாலைக் கசடு, இரண்டையும் கெட்டிப்படுத்தக் காரக் கரைசல். அவ்வளவுதான் அவள் சரக்கு. ஊர்த்தலைவர் ஒரே ஒரு நாள் கொடுத்தார். மாலையில் கடல் ஏறுவதற்குள் தளம் முடியாவிட்டால் வேலை, முன்பு இரண்டு முறையும் போட்ட பழைய கான்டிராக்டருக்கே போய்விடும்.

அன்று வீட்டுக்கு ஒருவர் கூலியில்லாமல் கைகொடுக்க வந்தார்கள். ஊர்வேலை என்றால் அங்கே அப்படித்தான். மூத்த கொத்தனார் சர்மிடிக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. கலவை டிரம்மையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏன் தங்கச்சி, சிமெண்ட் இல்லாம எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கும் இது? அடுப்புச் சாம்பல்ல வீடு கட்டுறேங்கிற மாதிரி இருக்கு."

"நிக்கும்ணே. நீங்க தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, போதும்."

பாதித் தளம் முடிந்திருந்தது. அப்போது டிரம் முனகியபடி சுற்றாமல் நின்றுபோனது. வார்த்தினி எட்டிப் பார்த்தாள். உள்ளே கலவை கல்லாக இறுகிக் கிடந்தது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"இதுல சிமெண்டு போட்டது யாரு?"

சர்மிடி முன்னால் வந்தார்.

"நான்தாம்மா. ஊர் முன்னால நீ தலைகுனிஞ்சிடக் கூடாதேன்னு, அரை மூட்டை தட்டிவிட்டேன்."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தண்ணீரைப் பற்றி நூறு முறை சொன்னவள், சிமெண்டைப் பற்றி ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. முப்பது வருஷம் சிமெண்டையே நம்பிய மனுஷர் வேறு என்ன செய்வார்?

"சிமெண்டும் இந்தக் காரக் கரைசலும் சேந்தா சட்டுனு இறுகிடும்ணே. போகட்டும். தகரத்தை விரிங்க, கையாலேயே கலப்போம். மட்டம் பாக்குறது உங்க பொறுப்பு."

மண்வெட்டிகள் இறங்கின. தெம்பே என்னும் சோயாக் கட்டியும் சோறும் இலையிலேயே ஆறிப்போயின, யாரும் தொடவில்லை. சர்மிடி மண்டி போட்டவர் எழுந்திருக்கவே இல்லை. ஓரத்தில் அடைத்த கடைசிப் பலகை வரை மட்டப்படுத்தி, பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் கல் வைத்தபோது அலை அவர் கால்விரலைத் தொட்டது.

ஒரு மாதம் கழித்து நகரத்துச் சோதனைச்சாலை அன்றே தனியாக வார்த்து வைத்த கலவைக் கட்டிகளை நசுக்கிப் பார்த்தது. கேட்ட பலத்தைவிட ஒன்றரை மடங்கு தாங்கியிருந்தது. சேதி கேட்டதும் வார்த்தினிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மறுநாளே பழைய கான்டிராக்டர் வந்து, தளத்தைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்தார். நம்ப முடியாமல் சர்மிடியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெரியவரே, என்கிட்ட மறைக்காதீங்க. எவ்வளவு சிமெண்டு போட்டீங்க?"

"அரை மூட்டை" என்றார் சர்மிடி. கரையில் கவிழ்ந்து கிடந்த டிரம்மைக் காட்டினார். "அந்தா, அதுக்குள்ளதான் இருக்கு. வேணும்னா உடைச்சு எடுத்துட்டுப் போங்க."