மேக்னஸ் சுமந்த பை

தபால் சுமக்கும் மேக்னஸ் இஸ்பிஸ்டரைத் திருடன் என்று முதலில் சொன்னவன் டிகோரி பாஸ்கோதான். அதையும் வாய்க்குள் முணுமுணுக்கவில்லை. ஹனோராவின் ரொட்டிக் கூடாரத்தில், நாற்பது பேர் காதுபட, மேசையைக் குத்திச் சொன்னான்.

அவன் வயிற்றெரிச்சல் அப்படி. ஒட்டாகோ மலைக்குள் பொன் தோண்டுகிறவர்கள் குடியிருந்த அந்தப் பள்ளத்தாக்குக்கு அரசாங்கத் தபால் எட்டிக்கூடப் பார்க்காது. மாதம் ஒருமுறை மேக்னஸ்தான் எல்லோருடைய கடிதத்தையும் தங்கத்தையும் முதுகில் கட்டிக்கொண்டு, கணவாய் தாண்டி, டனீடன் நகரத்துத் தபால் ஆபீசுக்கு நடப்பான். ரசீது கிடையாது, சாட்சி கிடையாது. ஒரு வருஷ உழைப்பை அவன் கையில் கொடுத்துவிட்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த ஊருக்குக் குளிர்காலமான ஜூலையில் டிகோரி கொடுத்தது பன்னிரண்டு அவுன்ஸ் பொன்துகள். தோல்பையில் போட்டு, வாயைத் தைத்து, உருக்கிய அரக்கில் தன் கோட்டுப் பொத்தானை அழுத்தி முத்திரை வைத்திருந்தான். கார்ன்வாலில் இருக்கும் அவன் மனைவி தாம்சினும் இரண்டு பிள்ளைகளும் கப்பலேறி வருவதற்கான பொன் அது. இளையவன் முகத்தை அவன் இன்னும் பார்த்ததே இல்லை.

மேக்னஸ் புறப்பட்ட மறுநாள் பெரும்பனி இறங்கிக் கணவாயை அடைத்துவிட்டது. ஆறு வாரம் கழித்து, ஆற்றோரமாகச் சுற்றி வந்த பொதிக்குதிரைக்காரன், மேக்னஸ் டனீடன் வந்து சேரவே இல்லை என்றான்.

"எப்படி வருவான்? மெல்போர்ன் கப்பல்ல ஏறியிருப்பான், திருட்டு நாயி!" என்றான் டிகோரி.

ஹனோரா மாவுக் கையோடு திரும்பினாள். அயர்லாந்துக்காரி, நாக்கில் தேனும் உண்டு, தேளும் உண்டு. "ஏன்டா, உம் பொண்டாட்டி லெட்டர அவன் கொண்டாந்து குடுத்தப்ப கால்ல விழாத குறையா நின்னியே. அப்ப எங்கடா போச்சு இந்த வாயி?"

"அப்ப எம் பொன்னு அவங்கிட்ட இல்லக்கா."

"பனி என்னா கொட்டு கொட்டுச்சு, பாத்தீல்ல? மனுசன் செத்தானோ பொழச்சானோ..."

"செத்தா பொணம் எங்க?"

அவள் மாவைப் பிசையத் திரும்பினாள்.

தங்கவயலுக்கென்று ஒரு சட்டம் உண்டு. எல்லைக்கு முளையடித்த நிலத்தில் சொந்தக்காரன் இறங்கி வேலை செய்யாவிட்டால், கெடு முடிந்ததும் எவன் வேண்டுமானாலும் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆற்று வளைவில் மேக்னஸுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. டிகோரி போய் அவன் முளைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் முளைகளை அடித்தான். ஒருவரும் தடுக்கவில்லை. சட்டம் அவன் பக்கம். அதிர்ஷ்டமும் அவன் பக்கம்தான் போலிருந்தது. இரண்டே மாதத்தில் அந்த மண் போன பொன்னுக்கு மேலேயே கொடுத்தது.

அக்டோபர் கடைசியில் கணவாய் திறந்தது. இனி எவனையும் நம்புவதில்லை என்று, அந்தப் பொன்னை இடுப்பில் கட்டிக்கொண்டு டிகோரி தானே கிளம்பினான்.

உச்சியில், ஒரு பாறையின் மறைவில், பாதி கரைந்த பனிக்குள் மேக்னஸ் உட்கார்ந்திருந்தான்.

வெறும் சட்டையோடு இருந்தான். கோட்டும் கம்பளியும் அவன் மேல் இல்லை. மடியிலிருந்த தபால் பையைச் சுற்றியிருந்தன. டிகோரி விறைத்துப்போன வாரை அறுத்துப் பையைத் திறந்தான். உள்ளே ஈரமே இல்லை. தோல்பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. தன் பையைக் கண்டுபிடித்தான். அரக்கில் பொத்தான் அச்சு சிதையாமல் இருந்தது.

பிறகுதான் மேக்னஸின் காலடியைப் பார்த்தான். அங்கே கொஞ்சம் கரி கிடந்தது. கைத்தடியை எரித்திருக்கிறான். தொப்பியை எரித்திருக்கிறான். ஒரு சுள்ளிகூடப் பொறுக்க முடியாத மொட்டை மலை அது. பக்கத்தில் தகர டப்பாவில் ஏழெட்டுத் தீக்குச்சிகள் மிச்சம் இருந்தன. பை நிறையக் கடிதங்கள், நன்றாகக் காய்ந்த காகிதம். அதில் ஒன்றைக்கூட அவன் தொடவில்லை.

டிகோரி மேக்னஸின் எதிரே பனியில் உட்கார்ந்தான். பொன்னைக் காப்பாற்றினான் என்றால் அதுவாவது புரியும், இந்தக் காகிதத்தையுமா! தன் கடிதத்தில் அப்படி என்ன இருந்தது? ஹனோராவிடம் சொல்லி எழுதவைத்த நாலு வரி. சின்னவன் பேச ஆரம்பித்துவிட்டானா, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டிருந்தான். அதற்காக ஒரு மனிதன் விறைத்துச் செத்திருக்கிறான்.

"எரிச்சிருக்கலாமேய்யா," என்று மேக்னஸின் முகத்தைப் பார்த்து அழுதான். "என்னுதையாவது எரிச்சிருக்கலாமேய்யா."

கல் அடுக்கி மூடிவிட்டுப் பையை முதுகில் ஏற்றிக்கொண்டான். டனீடனில் தபால் ஆபீஸ் குமாஸ்தா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எதிலும் முத்திரை உடையவில்லை. அடியில் மேக்னஸின் சொந்தப் பொட்டலம் ஒன்று இருந்தது. ஆர்க்னித் தீவிலிருக்கும் தங்கை இங்காவுக்கு. டிகோரி இடுப்பிலிருந்ததை முழுக்க அவிழ்த்து அதோடு வைத்தான்.

"இதுவும் அந்தம்மாவுக்குத்தான். அவர் நெலத்துல வெளஞ்சது. கூட ஒரு கடுதாசி வைக்கணும், எனக்கு எழுத வராது."

குமாஸ்தா பேனாவை எடுத்தார். "சொல்லு."

"உங்கண்ணன் எங்க தபால் எல்லாத்தையும் கொண்டாந்து சேத்துட்டாரு. ஒண்ணுகூடக் கொறையல."

குமாஸ்தா நிமிர்ந்தார். "கொண்டு வந்தது நீதானப்பா?"

"நான் மலையவிட்டுக் கீழ எறக்குனேன், அவ்வளவுதான். கொண்டாந்தது அவரு. அப்படியே எழுதுங்க. எழுதிட்டு, அவரத் திருடன்னு சொன்னவன் டிகோரி பாஸ்கோன்னு கீழ எம்பேரப் போடுங்க."