றோசாலியின் கைவெளிச்சம்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து றோசாலியின் பத்து விரல்களிலிருந்தும் செவ்வெளிச்சம் வரத் தொடங்கியது 1994ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு நன்றியுரை நீண்டுபோன காரணத்தால்.

தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மூட்டு வீக்கத்தை வற்றவைக்கும் சிவப்பு விளக்கு ஒன்று நன்கொடையாக வந்திருந்தது. பத்து நிமிஷம் பிடித்தால் போதும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. திறப்பு விழாவில் விளக்குக்கு மாலை போட்டார்கள். முப்பது வருஷம் கொழுந்து பறித்து விரல் கணுவெல்லாம் வீங்கிப்போன றோசாலியை அதன் முன்னால் காட்சிக்கு உட்காரவைத்தார்கள். தோட்டத்து மேலாளரான பெரியதுரை சுவிட்சைப் போட்டார். அதன்பிறகு ஏழு பேர் பேசினார்கள். துரை போட்டதை அவருக்குக் கீழே உள்ளவர் அணைக்கும் வழக்கம் அந்தத் தோட்டத்தில் என்றைக்கும் இருந்ததில்லை. துரையோ பேச்சைக் கேட்கிற முகத்தோடு உறங்கிக்கொண்டிருந்தார்.

"சுடுதுங்க டாக்டரய்யா, அணைச்சிருங்க" என்றாள் றோசாலி.

"துரை போட்ட சுவிட்சை நான் நிப்பாட்டுறதோ? கொஞ்சம் பொறுங்கோ" என்றார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே வைத்தியம் பார்த்த சிவராசா.

மூன்றேகால் மணி நேரம். நன்றியுரை முடிந்தபோது விளக்கு கருகியிருந்தது. அதிலிருந்த வெளிச்சம் முழுக்க றோசாலியின் கைகளுக்குள் இறங்கியிருந்தது. வீக்கம் வற்றியது, வலி போனது, வெளிச்சம் மட்டும் போகவில்லை. விசாரணைக்குழு மூன்று தடவை வந்து, துரை பங்களாவில் மூன்று தடவை சாப்பிட்டு, அந்த வெளிச்சம் தோட்டத்துச் சொத்து என்றும் வேலைக்காரி அதை வெளியே கொண்டுபோகக்கூடாது என்றும் எழுதிக் கையெழுத்திட்டது.

றோசாலிக்கு வெளியே போகும் உத்தேசமும் இல்லை. புருஷன் பாக்கியநாதன் செத்தபிறகு தொழிலாளர் வரிசைவீடான லயத்துக் காம்பராவில் அவள் தனி. கொழும்புக் கடையில் வேலைக்கு நின்ற மகன் ஜொனி நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கார்ட் போடுவான், சில வருஷம் அதுவும் இல்லை. இப்போது ஆட்கள் வந்தார்கள். மொனராகலையிலிருந்து கரும்பு வெட்டுகிறவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். லுணுகலை ஸித்தி ஸுபைதா தோளைக் காட்டினாள். றோசாலி கையை வைத்தால் பத்தே நிமிஷத்தில் வலி போய்விடும். வலி போனதும் ஆளும் போய்விடும். அடுத்த தடவை பஸ் ஜன்னலுக்குள்ளிருந்து தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். 2001இல் சுற்றுவட்டாரத்தில் நோவுள்ளவர் அருகிப்போனார்கள். காம்பரா பழையபடி காலியானது.

அதன்பிறகுதான் றோசாலி கைகளில் துணி சுற்றப் பழகினாள். புதிதாக நோவோடு வந்த சிலருக்கு வெளிச்சம் கீற்றாகத்தான் கசியும். "ஒரேயடியா எடுத்தா நரம்பு பயந்துக்கும்ங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க" என்பாள். பத்து நிமிஷ முழங்கால் ஐந்து மாதம் ஓடியது. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னாள். பாதருக்கே இடுப்பு நோவு பாதிதான் இறங்கியிருந்ததால் அவர் அதிகம் விசாரிக்கவில்லை. ஆனால் மற்றவர்களுக்குப் பொறுமையில்லை. பதுளை டவுனில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வராமல் நின்றுகொண்டார்கள்.

மிஞ்சியவர் ஜெயமலர் டீச்சர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், பென்ஷன் எடுத்தும் ஊர் திரும்பாமல் பதுளையில் ஒற்றை அறையில் இருந்தவர். நாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் வலது முழங்காலோடு வந்தார். இருவரும் மழையைப் பற்றியும் பாண் விலையைப் பற்றியும் பேசுவார்கள்.

2006இல் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த றோசாலி வாசலில் நின்று பார்த்தாள். டீச்சர் படிக்கட்டில் குமரிப்பிள்ளை மாதிரி விறுவிறுவென்று ஏறி வந்தார். லயத்தின் திருப்பத்தில் நின்றார், குடையை மடக்கினார், முகத்தைச் சுளித்துக்கொண்டு நொண்டத் தொடங்கினார். இடது காலில்.

றோசாலி உள்ளே போய் இரண்டு பேருக்குத் தண்ணீர் கொதிக்கவைத்தாள்.

டீச்சர் உட்கார்ந்து வலது காலை நீட்டினார். யோசித்து, இடது காலை நீட்டினார். "இப்ப இதுவும் பிடிச்சுப்போட்டுது, றோசாலி."

றோசாலி துணி சுற்றிய கையோடு அந்த முழங்காலைத் தடவிப் பார்த்தாள். வீக்கத்தின் அடையாளமே இல்லை.

"பலமா வீங்கியிருக்குங்க டீச்சர். லேசுல விடாது. ஒரு பத்து வருசமாவது பாக்கணுங்க."

"அவசரமில்லை" என்றார் டீச்சர்.